நுங்கு போல ஆடினால் எடுத்துவிடலாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரே கலவையை ஐந்து பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி, ஒரே தட்டில் வரிசையாக வைத்து, ஒரே நேரத்தில் ஓவனுக்குள் தள்ளினேன். மூன்று கிண்ணங்களில் கஸ்டர்டு வழுவழுவென்று வந்தது. பின்வரிசையில் வலப்பக்கம் இருந்த இரண்டில் மட்டும் ஓரமெங்கும் ஊசி குத்தியது போலச் சிறு பொத்தல்கள் விழுந்திருந்தன. கரண்டியை இறக்கியதும் அந்த இடத்தில் மஞ்சளாக நீர் ஊறி நின்றது. பாலும் முட்டையும் சர்க்கரையும் ஒன்றுதான், கலக்கிய கையும் ஒன்றுதான். காரணம் தட்டில் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் பெரம்பூர் வீடு பழையது. மேடையில் சிந்தும் நீர் தானாகவே தொட்டிப் பக்கம் ஓடிவிடட்டும் என்று, கட்டிய காலத்திலேயே கொத்தனார் அதற்கு ஒரு சாய்வு கொடுத்துவிட்டார். அந்தச் சாய்வின் மேல் நின்ற ஓ.டி.ஜி. என்னும் சிறு மின் ஓவனும் சாய்ந்திருந்தது. கிண்ணங்களைச் சுற்றி நான் ஊற்றிய வெந்நீர் முன்பக்க இடது மூலையில் போய்த் தேங்கிவிட, பின்வரிசைக் கிண்ணங்கள் இரண்டும் ஒரு விரற்கடை நீரில் நின்றபடி ஓவனின் நேர்ச்சூட்டில் வெந்திருக்கின்றன.

ஓவனில் வைக்கும் கஸ்டர்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கெட்டுப்போன அந்த இரண்டு கிண்ணங்கள்தான் எங்கே தொடங்குவது என்பதைக் காட்டின. இந்த இனிப்பில் பொருள்களைச் சேர்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பால், முட்டை, சர்க்கரை இந்த மூன்றும் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். மீதியெல்லாம் சூட்டை அடக்கிவைக்கும் வேலை. அந்த வேலைக்கு நம் கை பழகவில்லை என்பதே என் எண்ணம்.

பழகாததற்குக் காரணம் உண்டு. சென்னையில் கஸ்டர்டு என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது மஞ்சள் நிறப் பொடியைப் பாலில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, வாழைப்பழமும் ஆப்பிளும் மாதுளை முத்தும் போட்டுக் கிண்ணத்தில் தரும் இனிப்புதான். கல்யாண வரவேற்பு விருந்துகளில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் அது தவறாமல் நிற்கும். அந்தப் பொடியில் முட்டை கிடையாது; சோளமாவு, நிறம், வெனிலா மணம் ஆகியவைதான் இருக்கின்றன. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மருந்துக்கடை நடத்திய ஆல்ஃபிரட் பேர்டு என்பவர், தம் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாத காரணத்தால், 1837-ல் முட்டைக்குப் பதிலாகச் சோளமாவை வைத்து அதைச் செய்தார். முட்டை தொடாத ஒருவருக்காகப் பிறந்த பொடி முட்டை தொடாத குடும்பங்கள் இத்தனை உள்ள நம் ஊரில் நிலைத்துவிட்டதில் வியப்பில்லை. ஆனால் மாவு கெட்டியாக வேண்டுமென்றால் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும். ஒரு கொதி வராவிட்டால் பச்சை மாவு வாடை போகாது. ரசத்தைத் தவிர நம் அடுப்பில் ஏறும் எதற்கும் “நல்லா கொதிக்கட்டும்” என்பதே பாடம். ரசத்துக்கு மட்டும் “நுரை கட்டினா இறக்கிடு” என்று சொல்லிக்கொடுப்பார்கள். முட்டைக் கஸ்டர்டும் அந்த ரசத்தின் கட்சிதான்.

பாலில் கலந்த முட்டையைச் சூடாக்கும்போது, சுருண்டு கிடக்கும் புரத இழைகள் மெல்ல அவிழ்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு வலை பின்னுகின்றன. பால் அந்த வலையின் கண்களுக்குள் தங்கிவிடுகிறது. முட்டையைத் தனியாக வேகவைத்தால் வெள்ளைக் கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். ஆனால் கஸ்டர்டில் ஒரு முட்டையைச் சுற்றி அதைப்போல் மூன்று மடங்கு பாலும் சர்க்கரையும் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. ஏறக்குறைய 78 முதல் 83 டிகிரிக்குள் அது உறைகிறது. 85-ஐத் தாண்டினால் வலை இறுகி, ஈரத்துணியை முறுக்கினாற்போல உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. என் இரண்டு கிண்ணங்களில் ஊறிய மஞ்சள் நீர் அதுதான். உறைவதற்கும் திரிவதற்கும் நடுவில் இருப்பது சில டிகிரி இடைவெளி மட்டுமே. பாலுக்கும் இதில் பங்கு உண்டு. முட்டையை வெறும் நீரில் அடித்து வேகவைத்தால் இப்படி ஒரே கட்டியாக உறையாது. பாலில் கரைந்திருக்கும் உப்புகள் அந்தப் பிணைப்புக்குத் துணைநிற்கின்றன.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது பிற்காலத்தில். முதலில் பார்த்தது பக்கத்து வீட்டில். அப்பா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த எண்பதுகளில், எங்கள் தெருவில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. இரண்டு வீடு தள்ளி இருந்த ஆன்ட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்குக் கேரமல் கஸ்டர்டு கொடுத்தனுப்புவார். அவரிடம் ஓவனும் கிடையாது, வெப்பமானியும் கிடையாது. ஒரு அலுமினிய டேக்சாவின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் மூடிபோட்ட டிபன் டப்பாவை வைத்து, டப்பாவின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, திரி ஸ்டவ்வைச் சிறிதாக்கிவிட்டு, பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே உட்கார்ந்திருந்தது பார்ப்பதற்காக அல்ல, கேட்பதற்காக. டேக்சாவில் சளசளவென்று சத்தம் வந்தால் உடனே ஒரு குவளை பச்சைத் தண்ணீரை ஓரமாக ஊற்றுவார். “தண்ணி பேசக்கூடாது, மேன். சும்மா மூச்சு விட்டாப் போதும்” என்று என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. ஓவனுக்குள் நீர்த்தட்டு வைக்கும்போதெல்லாம் நானும் கண்ணாடிக் கதவருகே காதை வைத்துக் கேட்கிறேன். என் மகளுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

இனி அளவுகள். ஆவின் பச்சை நிறப் பாக்கெட் ஒன்று, அதாவது அரை லிட்டர், எனக்குச் சரியான அளவு. அதில் 4.5 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 விழுக்காடு என்பதால் இன்னும் வழுவழுப்பாக வரும். 3 விழுக்காடுள்ள நீல நிறத்தில் செய்தாலும் உறையும், ஆனால் வாயில் வைத்தால் வெறிச்சென்று இருக்கும். கிண்ணத்திலேயே வைத்துச் சாப்பிடுவதாக இருந்தால் அரை லிட்டருக்கு மூன்று முழு முட்டை போதும். தட்டில் கவிழ்க்க வேண்டுமென்றால் மூன்று முழு முட்டையோடு இரண்டு மஞ்சள் கரு சேர்ப்பேன். வெள்ளைக் கரு கட்டுக்கோப்பைத் தரும், மஞ்சள் கரு மென்மையைத் தரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் அவரவர் விருப்பம்போலக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சர்க்கரை 75 கிராம். கேரமல் வேறு சேரப்போகிறது என்பதால் அதற்கு மேல் வேண்டாம். உப்பு இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகை. இதில் ஐந்து கிண்ணம் வரும்.

கேரமல் செய்வதற்குப் பலர் பயப்படுகிறார்கள். அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை உருண்டைக்கு ஒரு பதம், பொரிவிளங்காய்க்கு ஒரு பதம் என்று பாகைக் கண்ணால் அளந்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் நிறுத்திய இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போக வேண்டும், அவ்வளவுதான். அடி கனமான சிறு பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி நீரும், இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு நடுத்தரத் தீயில் வைத்தபின் கரண்டி போடக்கூடாது. கிளறினால் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைப் பரல் உள்ளே விழுந்து, மொத்தப் பாகையும் மறுபடி சர்க்கரையாக இறுகிப் பூத்துப் போகச் செய்துவிடும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து, அப்படிப் பூப்பதைத் தடுக்கிறது. கம்பிப் பதம் கடந்து, உருட்டுப் பதம் கடந்து, 170 டிகிரியை நெருங்கும்போது தேன் நிறம் தொடங்கும். அங்கே நிறுத்தினால் வெறும் இனிப்புதான் இருக்கும். முதல் டிகாக்‌ஷனைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விளிம்பில் ஒரு செம்பழுப்பு தெரியுமே, அந்த நிறம் வந்து, முதல் புகை இழை எழும்பும் நொடியில் இறக்கி, கிண்ணங்களின் அடியில் உடனே ஊற்றிவிட வேண்டும். இறக்கிய பிறகும் பாத்திரத்தின் சூட்டில் நிறம் ஏறிக்கொண்டே போகும். குழந்தைகளை அந்த ஐந்து நிமிடம் சமையலறைக்கு வெளியே நிறுத்துங்கள். கொதிநீரைவிட எழுபது டிகிரி கூடுதலாகக் காய்ந்த பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

பாலைச் சர்க்கரையோடு கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் காய்ச்சினால் போதும். ஓரத்தில் ஆவி எழுந்ததும் அணைத்துவிடலாம். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது என்றாலும் காய்ச்சாமல் விட மனம் ஒப்பாதவர்கள் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். முட்டையை அடிக்கும்போதுதான் ஆம்லெட் பழக்கம் கெடுதல் செய்கிறது. நுரை பொங்க அடித்தால் அந்தக் காற்றுக் குமிழ்கள் அப்படியே மேலே நின்று வெந்து, கஸ்டர்டின் முகத்தில் அம்மைத் தழும்பாகிவிடும். முள்கரண்டியைப் பாத்திரத்தின் அடியை விட்டு எடுக்காமல், மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகக் கலக்கும் அளவுக்கு மட்டும் சுற்ற வேண்டும். பிறகு சூடான பாலை முதலில் ஒரு கரண்டி, அடுத்து இரண்டு கரண்டி என்று முட்டையில் விட்டுக் கலக்கி, மீதியை மெல்லிய தாரையாக ஊற்றி, எல்லாவற்றையும் வடிகட்டியில் வடிக்க வேண்டும். வடிகட்டியில் தங்கும் வெள்ளை நூல் போன்ற இழைகளைப் பார்த்த பிறகு யாரும் இந்த வேலையைத் தவிர்க்க மாட்டார்கள். வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஆன்ட்டி செய்ததுபோல மேலே சாதிக்காயை ஒருமுறை உரசிவிடுவது.

நீர்த்தட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய தோல்விகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. திறந்த தட்டில் இருக்கும் நீர் 160 டிகிரி ஓவனுக்குள்ளும் கொதிப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால், மண்பானை நீர் வெயிலிலும் குளிர்ந்திருப்பதற்கான அதே காரணத்தால், 80-க்கும் 90-க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது. கஸ்டர்டுக்கு அந்த நீர்தான் காவல். இது தெரியாமல், ஆவி சொட்டாமல் இருக்கட்டும் என்று ஒருமுறை முழுத் தட்டையும் அலுமினியத் தாளால் இறுக்கிப் போர்த்தினேன். ஆவி வெளியேற வழியில்லாமல் நீர் கொதிக்கத் தொடங்கி, ஐந்து கிண்ணமும் சல்லடையாயின. மூட வேண்டுமென்றால் கிண்ணங்களைத் தனித்தனியாக மூடுங்கள், தட்டைத் திறந்து விடுங்கள். தட்டு கனமான இரும்பாக இல்லாமல் மெல்லிய அலுமினியமாக இருப்பது நல்லது. அடியில் ஒரு துண்டோ நான்காக மடித்த பழைய வேட்டித் துணியோ போட்டால் கிண்ணத்தின் அடிப்பாகம் நேராகச் சுடாது. தட்டை ஓவனுக்குள் வைத்தபிறகு கெட்டிலிலிருந்து வெந்நீரைக் கிண்ணங்களின் பாதி உயரத்துக்கு ஊற்றுவது எளிது; ஊற்றிய தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கஸ்டர்டுக்குள் தண்ணீர் தெறிக்கும்.

ஓ.டி.ஜி.யின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம் என்பதையும் நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். வாங்கிய முதல் ஆண்டு முழுவதும் என் கஸ்டர்டு ஏன் திரிகிறது என்று முட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சில நூறு ரூபாய்க்கு ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தால், 160-ல் திருகி வைத்தபோது முள் 185-ல் நிற்கிறது. இப்போது திருகை 140-க்குக் கீழே வைத்து 160-ஐப் பெறுகிறேன். அடிக்கம்பி மட்டும் எரியட்டும், அல்லது இரண்டும் எரிந்தாலும் தட்டு கீழ்வரிசையில் இருக்கட்டும்.

முப்பத்தைந்தாவது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். கேக்கில் செய்வதுபோல நடுவில் குச்சியைக் குத்தி, ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. குச்சி சுத்தமாக வரும் நேரத்தில் கஸ்டர்டு பெரும்பாலும் வேண்டியதைத் தாண்டியிருக்கும். நான் கிண்ணத்தின் விளிம்பை இடுக்கியால் லேசாகத் தட்டிப் பார்ப்பேன். ஓரத்தில் ஒரு விரலகலம் அசையாமல் நிற்க, நடுப்பகுதி மட்டும் தோலுரித்த இளநுங்கு போல ஒரே உடம்பாக ஆட வேண்டும். அலை அலையாக ஓடினால் இன்னும் வேக வேண்டும். சற்றும் ஆடாமல் இட்லி போல விறைத்து நின்றால் தாமதித்துவிட்டோம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் 77, 78 டிகிரி காட்டும்போது எடுத்துவிடலாம். வெளியே வைத்தபிறகும் ஓரத்தின் சூடு நடுவை நோக்கி நகர்ந்து மீதி வேலையை முடித்துவிடும். அதனால்தான் எடுத்தவுடன் கிண்ணங்களை நீரிலிருந்து தூக்கி வெளியே வைக்க வேண்டும். வெந்நீரிலேயே விட்டுவிட்டு “அஞ்சு நிமிஷத்தில வரேன்” என்று கறிகாய்க்காரரிடம் பேசப் போன கதை எங்கள் வீட்டில் ஒன்றுக்கு மேல் உண்டு.

ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும், குறைந்தது ஓர் இரவு. இது பொறுமைக்கான சோதனை அல்ல, கேரமலுக்கான அவகாசம். அடியில் கண்ணாடி போல இறுகிக் கிடக்கும் பாகு, கஸ்டர்டிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக் கரைந்து, காலையில் ஓடும் பாகாக மாறியிருக்கும். அன்றைக்கே கவிழ்த்தால் பாகில் பாதி கிண்ணத்தின் அடியிலேயே தங்கிவிடும். கவிழ்க்கும்போது மெல்லிய கத்தியை ஓரமாகச் சுற்றி, கிண்ணத்தின் அடியைச் சில நொடிகள் வெந்நீரில் நனைத்து, தட்டை மேலே கவிழ்த்துப் பிடித்து, சட்டென்று திருப்பி ஒருமுறை உதற வேண்டும். ப்ளக் என்று ஒரு சத்தம் கேட்கும். கத்திரி வெயில் காலத்தில் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் நம் ஊர்ப் புழுக்கத்தில் வேகமாகக் கெடும். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும்.

என் மாமியார் முட்டை சாப்பிடுவதில்லை. ஆனால் வீட்டில் பிறர் சாப்பிடுவதற்குத் தடை சொல்பவர் அல்லர். ஒருமுறை குளிர்பெட்டியைத் திறந்தவர், “மாப்பிள்ளை, பால் பாத்திரம் வைக்கிற இடத்துல கவிச்சி வாடை அடிக்குதே” என்றார். வெட்கமாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மை. அன்று செய்த கஸ்டர்டு கூடுதலாக வெந்திருந்தது. முட்டையின் வாடைக்குப் பெரும்பகுதிக் காரணம் வெள்ளைக் கருவில் உள்ள கந்தகம். அதிகச் சூட்டில் அது வாயுவாகப் பிரிந்து வெளியேறுகிறது. அளவான சூட்டில் வெந்த கஸ்டர்டில் கவிச்சி அநேகமாக இருப்பதேயில்லை. வாடையை மறைக்க எசென்ஸை இரண்டு மடங்காக ஊற்றுவது, குளிக்காமல் சென்ட் அடித்துக்கொள்வதைப் போன்றது.

அவருக்காகத்தான் முட்டையில்லாத வகை ஒன்றைத் தேடினேன். வங்காளத்தில் பாப்பா தோய் என்று ஓர் இனிப்பு உண்டு. பெயரைக் கேட்டதும் அவர் குழந்தைகள் பலகாரம் என்றே நினைத்துவிட்டார். வங்காளியில் அந்த முதல் சொல்லுக்கு ஆவியில் வேகவைத்தது என்று பொருள். 400 கிராம் டின் கண்டென்ஸ்டு மில்க் ஒன்று, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் அதே அளவு, பால் அதே அளவு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலந்து, பொடித்த ஏலக்காய் சேர்த்து, கிண்ணங்களில் ஊற்றி, அதே நீர்த்தட்டில் அதே 160 டிகிரியில் இருபத்தைந்து முப்பது நிமிடம் வைத்தால் போதும். இங்கே முட்டையின் வலைக்குப் பதிலாக, புளிப்பினால் ஏற்கெனவே கோத்துக்கொண்ட பாலின் புரதமே உறைகிறது. தயிர் முதல்நாள் இரவு உறையூற்றியதாக இருக்க வேண்டும். சென்னை வெயிலில் மதியம் வரை வெளியே கிடந்த தயிரைப் போட்டால் இனிப்பு மோர்க்குழம்பு போல ஆகிவிடும். மாமியார் ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டுவிட்டு, இனிப்பு அதிகம் என்றார். அதுவும் உண்மைதான். டின்னில் கால் பங்கைக் குறைத்து, அந்த அளவுக்குப் பாலைச் சேர்த்தேன். சற்று இளக்கமாக உறைந்தாலும் சுவை மேல்.

கஸ்டர்டு என்பது எங்கோ வெள்ளைக்காரர் வீட்டில் பிறந்த பண்டம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். மண்ணடியில் குடியிருந்த என் கல்லூரித் தோழரின் குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து வந்தது. பெருநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனால் அவருடைய உம்மா இடியாப்பத்தோடு வட்டலப்பம் வைப்பார்கள். கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, இனிப்பு, அரைத்த முந்திரி, ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வைப்பது. வட்டிலில் வேகும் அப்பம் என்று பெயரைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், ஓவனுக்குப் பதில் ஆவி என்பதைத் தவிர, கேரமல் கஸ்டர்டுக்கும் அதற்கும் வேலைமுறையில் வேறுபாடு இல்லை. இலங்கையிலும் அதைச் செய்வார்கள். கருப்பட்டியை வைத்துச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் தேங்காய்ப்பாலிலேயே செய்வது பாதுகாப்பு. வெல்லமும் கருப்பட்டியும் சற்றே புளிப்புத்தன்மை உள்ளவை என்பதால் சூடான மாட்டுப்பாலில் போட்டால் பால் திரியக்கூடும். வெல்லப் பாயசத்தில் பாலைக் கடைசியில், இறக்கி ஆறவைத்த பிறகு ஊற்றுவது அதனால்தான். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பின் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று சீம்பால். எங்கள் தெருவிலேயே மாடுகள் நின்ற காலத்தில், கன்று ஈன்ற வீட்டிலிருந்து பால்காரர் ஒரு செம்பு கொண்டுவந்து தருவார். அம்மா அதில் சாதாரணப் பாலைக் கலந்து, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வைப்பார். முட்டை, மாவு, உறை எதுவும் இல்லாமல் அதுவாகவே கட்டியாக உறையும். கன்றுக்கு நோய் அண்டாமல் இருப்பதற்காகத் தாய்ப்பசு முதல் சில நாள் பாலில் நிறைத்து அனுப்பும் புரதங்கள், சூட்டில் முட்டையைப் போலவே இறுகக்கூடியவை. முதல்நாள் பாலை அப்படியே வைத்தால் ரப்பராகிவிடும் என்பதால்தான் சாதாரணப் பால் கலப்பது. முட்டைக்குப் பால் எவ்வளவு என்று நாம் இன்று அளப்பதும் அந்தக் கணக்கைத்தான்.

ஓவன் இல்லாதவர்கள் தாராளமாக இட்லிப் பானையில் செய்யலாம். ஆனால் இட்லிக்கு வைக்கும் தீ இதற்கு ஆகாது. இட்லி முழு ஆவியில் 100 டிகிரியில் வேக வேண்டிய பண்டம். கஸ்டர்டு அந்தச் சூட்டில் சில நிமிடங்களிலேயே பொத்தலாகிவிடும். நீர் சூடானதும் தீயை ஆகக் குறைத்து, மூடிக்கும் பானைக்கும் நடுவில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி ஆவி கொஞ்சம் வெளியேற இடம்விட்டு, மூடியைத் துணியால் சுற்றிச் சொட்டும் நீரைத் தடுத்தால், சிறு கிண்ணங்கள் பதினைந்து இருபது நிமிடத்தில் உறைந்துவிடும். குக்கரில் விசில் போட்டுச் செய்யும் முறையையும் சிலர் சொல்கிறார்கள். உறைவது உறையும், நான் அதைச் சாப்பிட மாட்டேன்.

மீந்த ரொட்டியை வைத்துச் செய்யும் பிரெட் புட்டிங் இந்தக் குடும்பத்திலேயே மிகவும் மன்னிக்கும் குணம் உள்ளது. இரண்டு நாள் பழைய ரொட்டித் துண்டுகள் ஆறேழைப் பிய்த்துப் போட்டு, மேலே சொன்ன கலவையையே ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டு, உலர்திராட்சை தூவி வைத்தால், ரொட்டியின் மாவு முட்டையைத் திரியவிடாமல் காத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கினால் மனம் உடையாது. மேலே சர்க்கரையை உருக்கி மொறுமொறுவென்று ஓடு கட்டவைக்கும் கிரேம் புரூலே வகைக்கு மட்டும் நம் ஊர்க் காற்று எதிரி. மஞ்சள் கருவும் க்ரீமும் மட்டும் சேர்ந்து இளநீர் வழுக்கை போல உறையும் அந்தக் கஸ்டர்டு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த ஓட்டைக் கட்டி முடித்து, எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைப்பதற்குள் ஈரக்காற்று அதைப் பிசுபிசுப்பாக்கிவிடுகிறது. ஒவ்வொருவர் கிண்ணத்தையும் அவர் உட்கார்ந்த பிறகே சுட வேண்டியிருக்கிறது. நான்கு பேருக்கு மேல் வந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

கெட்டுப்போன இரண்டு கிண்ணங்களையும் வீணாக்கவில்லை. நீரை வடித்துவிட்டு, மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, குளிர்ந்த பாலும் மாம்பழமும் சேர்த்துக் கொடுத்தபோது மகள் மறுபேச்சில்லாமல் குடித்தாள். இந்த வாரம் ஓ.டி.ஜி.யின் முன்பக்க இடது காலின் கீழே, கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை நான்காக மடித்துச் செருகியிருக்கிறேன். வெறும் தட்டை உள்ளே வைத்து நீர் ஊற்றிப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்துக்கு நிற்கிறது.